தலைவரா? கங்காணியா?

'தலைவர்' என்கிற சொல்லைப் போல நம்ம பக்கத்தில் மலிந்துபோன சொல் வேறு எதுவும் இல்லை. ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்குப் போகிற சாலையில் சுவர்களையும் பேனர்களையும் எண்ணிக்கொண்டே போங்கள். மாவட்டத் தலைவர், ஒன்றியத் தலைவர், நகரத் தலைவர், வட்டத் தலைவர், அணித் தலைவர். எல்லா பேனரிலும் மூலையில் அம்பேத்கர் இருக்கிறார், தபால்தலை அளவுக்கு. நடுவில் செல்போனைக் காதில் வைத்தபடி நம்ம ஆளு நிற்கிறார், ஆளுயரத்துக்கு. டீக்கடையில் பாதிப் பேர் மீதிப் பேரை "வாங்க தலைவரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தனை தலைவர்கள் இருந்தும் நம் சேரிகளில் பட்டாவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோமே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. "அவரு இல்லன்னா ரேஷன் கார்டு யாரு வாங்கிக் குடுப்பா? ஸ்டேஷன்ல யாரு பேசுவா? ஆஸ்பத்திரியில பெட்டு யாரு வாங்கித் தருவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த வேலையை நான் கேவலமாகப் பேசவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடுகிறவன் பாராட்டுக்குரியவன். ஆனால் அந்த வேலைக்குப் பெயர் நிர்வாகம். இருப்பதை இருக்கிறபடியே சிக்கலில்லாமல் ஓட்டிக்கொண்டு போவது. தலைமை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில் நாம் இழந்தது கொஞ்சமல்ல. இளைஞர்களும் மாணவர்களும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மேனேஜர் என்பவர் யார்?

இந்தப் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு மேனேஜரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. சோசலிசம் வந்ததோ இல்லையோ, தொழிற்சாலைகள் வந்தன. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. பாடியிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் மூன்று தலைமுறை ஷிப்ட் சங்குக்கு எழுந்து ஷிப்ட் சங்குக்குப் படுத்திருக்கிறது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்கிற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

மேனேஜரை மேலே இருக்கிறவர்கள் நியமிக்கிறார்கள். அவரை நீக்குகிறவர்களும் அவர்களே. அவருக்குக் கொடுத்திருக்கிற வேலை, ஆளை ஆளாகப் பார்ப்பதல்ல; எண்ணிக்கையாகப் பார்ப்பது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை உருப்படி போட்டார்கள், எத்தனை மணி நேரம் வீண் என்பது அவர் கணக்கு. நல்ல மேனேஜர் உண்டு, கெட்ட மேனேஜர் உண்டு. நல்லவர் கேன்டீன் சாப்பாட்டைச் சரி செய்வார், லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் எவ்வளவு நல்லவரானாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்க மாட்டார்: 'இந்தக் கம்பெனி யாருக்காக ஓடுகிறது?' அதைக் கேட்ட மறுநாள் அவர் மேனேஜராக இருக்க முடியாது. எப்படி ஓட்டுவது என்பது நிர்வாகத்தின் கேள்வி. யாருக்காக, எதற்காக, ஏன் இப்படியே ஓட வேண்டும் என்பது தலைமையின் கேள்வி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேனேஜர் மேலே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தலைவர் கீழே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நம்ம தலைவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கங்காணி

தமிழர்களுக்கு இது புதிய விஷயமல்ல. இந்த ஆளுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கங்காணி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பிறகு மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் கங்காணி. வெள்ளைக்காரத் துரைக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. அதனால் நம் மொழி பேசுகிற, நம் பஞ்சம் தெரிந்த ஒருவனை ஊருக்கு அனுப்பினான். அவன் முன்பணம் கொடுத்தான், கப்பல் செலவைக் கடனாக எழுதினான், லயத்தில் கொண்டுபோய் அடைத்தான். பெரிய கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரனாக இருந்தான். சில்லறைக் கங்காணி கூலிகளின் சொந்தக்காரனாகவே, மாமன் மச்சானாகவே இருந்தான். வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் தோட்ட நிர்வாகம் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தது. எத்தனை தலை அவனிடம் இருக்கிறதோ அத்தனை மதிப்பு அவனுக்கு. இலங்கையில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. ஒரு கூட்டம் கூலிகளின் மொத்தக் கடனையும் ஒரு சீட்டில் எழுதி, அதை அடைத்தால் அடுத்த தோட்டம் அவர்களை எடுத்துக்கொள்ளலாம். கடனோடு சேர்த்து ஆளும் கைமாறினான். அதைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை ஆயிற்று. மலேயாவுக்குக் கங்காணி ஆள்கட்டுவது 1938இல்தான் நின்றது.

கூலிக்கு நோய் வந்தால் துரையிடம் பேசியவன் கங்காணி. கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தவன் கங்காணி. சண்டை வந்தால் தீர்த்து வைத்தவனும் அவனே. கூலிகள் அவனைக் கும்பிட்டார்கள், பெரிய மனுஷன் என்றார்கள். அவன் செய்யாத ஒரே காரியம், கூலியைத் தோட்டத்திலிருந்து விடுவிப்பது. விடுவித்தால் தலைக்காசு போய்விடும்.

இப்போது நம்ம பக்கத்துக்கு வாருங்கள். தேர்தல் வந்தால் "நம்ம காலனியில எத்தனை ஓட்டு இருக்குது, சொல்லு" என்று பெரிய கட்சியின் ஆள் கேட்கிறான். நம்ம ஆளு எண்ணிச் சொல்கிறான். எண்ணுவது தலையைத்தான். வன்கொடுமை வழக்கு ஒன்று பதிவாக வேண்டிய இடத்தில் "பேசி முடிச்சிடலாம், ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதான்" என்று ஒருவர் நடுவில் உட்காருகிறார். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது; 2015இல் அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். அந்தச் சட்டம் கேட்கிற வழக்குப் பதிவும் விசாரணையும் நடக்க விடாமல், அடிபட்டவன் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்புகிற ஆளை எந்தச் சாதி இந்துவும் நேரில் வந்து நியமிக்கவில்லை. ஆனால் அவன் வேலையை அவன் சாதியில் பிறக்காமலேயே கச்சிதமாகச் செய்து கொடுக்கிறார் நம்மவர். இவர் சில்லறைக் கங்காணி. இவருக்கு மேலே ஒரு பெரிய கங்காணி உட்கார்ந்திருப்பார்.

இவர்கள் எல்லோரும் பிறவியிலேயே துரோகிகள் என்று நான் சொல்லவில்லை. கங்காணியை உற்பத்தி செய்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆளைத் திட்டிவிட்டு ஏற்பாட்டை விட்டுவிட்டால் அடுத்த தேர்தலுக்குப் புதிய கங்காணி வருவான்.

பூனாவில் போட்ட கையெழுத்து

அந்த ஏற்பாட்டின் தேதி 1932 செப்டம்பர் 24. அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டில் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி முறையைக் கொடுத்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுப்பது, அதற்கு மேல் பொதுத் தொகுதியிலும் ஒரு ஓட்டுப் போடுவது. காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கர் நெருக்கப்பட்டார். பூனா ஒப்பந்தத்தில் நம் சென்னை மாகாணத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். இடங்கள் 71லிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடிற்று, ஆனால் திறவுகோல் கைமாறிற்று. முதல் சுற்றில் நம் மக்கள் நான்கு பேரைப் பொறுக்கலாம். அந்த நான்கு பேரில் யார் ஜெயிப்பது என்பதைச் சாதி இந்துக்கள் பெரும்பான்மையாக இருக்கிற பொதுத் தொகுதி முடிவு செய்யும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த முதல் சுற்றும் போய்விட்டது. இடம் மட்டும் நமக்கு ஒதுக்கீடு.

இதன் பலனை அம்பேத்கரே அனுபவித்தார். 1952 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாயில் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்று தோற்றார். அவரைத் தோற்கடித்த காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்தான். இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? மேலே இருப்பவனுக்குத் தலைவன் தேவைப்படவில்லை. நம் சாதியில் பிறந்த ஒரு நிர்வாகி போதும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 நமக்கு ஒதுக்கியவை. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு பூந்தமல்லியும் அதில் ஒன்று. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். இந்த இடங்களில் ஜெயிக்கிறவரின் தனிப்பட்ட குணத்தைப் பற்றி நான் பேசவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவு போட்ட விஷயத்தில் மாற்றி ஓட்டுப் போட்டால் அவருக்குப் பதவி போகும். கட்சித் தலைமை கொடுக்கிற சீட்டு, பொதுத் தொகுதி கொடுக்கிற ஓட்டு, கொறடா கொடுக்கிற உத்தரவு. மூன்றும் மேலிருந்தும் வெளியிலிருந்தும் வருகிறபோது அவர் சேரிக்கு எப்படிப் பதில் சொல்வார்? சாலை போடுவார், பஸ் நிழற்குடை கட்டுவார், கல்வெட்டில் பெயர் பொறிப்பார். மேனேஜர் வேலையை ஒழுங்காகவே செய்வார்.

அந்த வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களும் உண்டு. சத்தியவாணி முத்து 1974இல் திமுக அமைச்சரவையை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார். அது நீடிக்கவில்லை, பிறகு அதிமுகவோடு கலந்தது. அதைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டு 'என் மக்களுக்கு இங்கே என்ன இருக்கிறது' என்று கேட்டாரே, அந்தக் கேள்வி தலைமையின் கேள்வி.

பஞ்சாயத்தில் நிலைமை இன்னும் பச்சையாகத் தெரிகிறது. மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம், ஒதுக்கீட்டில் கிடைத்த தலைவர் பதவியை உண்மையாகவே தலைவர் பதவி என்று எடுத்துக்கொண்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. நடந்தாலும், ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்ய வேண்டும் என்பது சாதி இந்துக்களின் உத்தரவு. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, ஆத்துப்பாக்கம் பஞ்சாயத்துத் தலைவரான தலித் பெண்மணியை 2020 சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகுதான் அதிகாரிகள் முன்னிலையில் அவர் ஏற்றினார். நாற்காலி கொடுக்கத் தயார், அதில் உட்கார்ந்து பேசத்தான் தடை. கங்காணியாக இருந்தால் உயிர் மிஞ்சும், தலைவராக இருந்தால் மிஞ்சாது என்று இந்த ஊர்கள் நமக்குச் சொல்லித் தருகின்றன. அதனால் கங்காணியைத் திட்டும்போது அவன் பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பூனாவில் நடந்த இன்னொன்று

பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில், 1982இல், கன்ஷிராம் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த ஒப்பந்தம் தொடங்கி வைத்தது 'சம்சா'க்களின் காலம் என்பது அவர் வாதம். சம்சா என்றால் கரண்டி, அடுத்தவன் கைக்கருவி. நம்ம மொழியில் கங்காணி. இந்த மனிதரின் கதையை ஆவடி ஆட்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அவரும் ராணுவ உற்பத்தித் துறை ஊழியர்.

பூனாவில் வெடிபொருள் ஆராய்ச்சிக் கூடத்தில் நல்ல சம்பளத்தில் இருந்தவர் கன்ஷிராம். 1960களின் நடுவில் அங்கே அம்பேத்கர் பிறந்தநாள், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகளை நிர்வாகம் எடுத்துவிட்டது. எதிர்த்துக் கேட்டவர் தீனாபானா, ராஜஸ்தானிலிருந்து வந்த, துப்புரவுச் சாதியில் பிறந்த கடைநிலை ஊழியர். அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். மேல்பதவியில் இருந்த நம்மவர்கள் பேசாமல் இருந்தார்கள். கன்ஷிராம் அவரோடு போய் நின்றார். விடுமுறையும் திரும்ப வந்தது, தீனாபானாவும் வேலைக்குத் திரும்பினார். அதோடு கன்ஷிராமுக்கு வேலையில் இருந்த ஆசையும் போய்விட்டது. சம்பளத்தை விட்டார், குடும்பம் வேண்டாம் என்றார், சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றினார்.

இதில் யார் தலைவர்? கன்ஷிராமை நாம் தலைவர் என்கிறோம். சரிதான். ஆனால் முதலில் கேட்டவர் தீனாபானா. கையில் ஒரு அதிகாரமும் இல்லாமல், இழப்பதற்கு இருந்த ஒரே வேலையை வைத்துக்கொண்டு கேட்டவர். தலைமை பதவியிலிருந்து பிறப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1978 டிசம்பர் 6 அன்று கன்ஷிராம் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கினார். அரசு ஊழியர்களின் அமைப்பு அது. ஊழியர்கள் நேரடியாகப் போராட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர்களிடம் கேட்டது மூன்று: உன் நேரம், உன் பணம், உன் அறிவு. சமூகத்தின் தோளில் ஏறி வந்தாய், அதைத் திருப்பிக் கொடு. மேனேஜர்களைத் தலைவர்களாக்க அவர் முயலவில்லை. மேனேஜர்களின் திறமையை விடுதலைக்கு வேலை செய்ய வைத்தார். அதிலிருந்துதான் 1984இல் பகுஜன் சமாஜ் கட்சி வந்தது, 2007இல் உத்தரப்பிரதேசத்தின் 403 இடங்களில் 206ஐத் தனியாகப் பிடித்தது. அதே கட்சி 2022இல் ஒரே ஒரு இடத்துக்கு இறங்கியதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. கீழிருந்து பேசிய தொண்டர்கள் மேலிருந்து உத்தரவு வாங்குகிறவர்களாக மாறினால், எவ்வளவு பெரிய இயக்கமும் கிளை அலுவலகமாகிவிடும்.

ரோஸ்டர் சரி, வேலை எங்கே?

நம்ம பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். ரோஸ்டர் பதிவேட்டைக் கையில் எடுத்து, 1997 ஜூலை 2 உத்தரவுப்படி எந்தப் புள்ளி யாருக்கு, பின்னடைவுக் காலியிடம் எத்தனை என்று வரி வரியாகச் சரிபார்க்கிறவர்கள் அவர்கள். அந்த வேலை தெரிந்தவன் ஒருவன் இல்லாவிட்டால் பதவி உயர்வு நேரத்தில் நம்மவன் பெயர் காணாமல் போகும்.

ஆனால் பாருங்கள். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகளின் வாரியத்தைக் கலைத்து, 41 தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஒரு நிறுவனத்துக்குப் போயிற்று, படையுடைத் தொழிற்சாலை இன்னொன்றுக்குப் போயிற்று. அதே ஆண்டு, ராணுவ உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டமும் வந்தது. எங்கும் நிரந்தர வேலை சுருங்குகிறது, ஒப்பந்த வேலை பெருகுகிறது. காண்ட்ராக்டர் அனுப்புகிற ஆளுக்கு ரோஸ்டர் கிடையாது. தொழிற்பேட்டையின் பழைய பட்டறைகளில் பல இன்று ஐ.டி. கட்டடங்களாகிவிட்டன. அங்கேயும் இடஒதுக்கீடு கிடையாது. அந்தக் கட்டடத்தின் கக்கூஸைக் கழுவுகிற வேலைக்கு மட்டும் சொல்லாமலேயே நூறு சதவீதம் நமக்கு ஒதுக்கீடு.

ரோஸ்டரில் புள்ளி தவறாமல் பார்ப்பது நல்ல நிர்வாகம். ரோஸ்டருக்குள் வர வேண்டிய வேலைகளே எங்கே போயின என்று கேட்டு, ஒப்பந்தத் தொழிலாளியையும் நிரந்தரத் தொழிலாளியையும் ஒரே பந்தலில் உட்கார வைப்பது தலைமை. முதலாவதை மட்டும் செய்துகொண்டிருந்தால், ஒருநாள் பதிவேடு மிகச் சரியாக இருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே, அங்கே இதைக் கண்ணால் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்த போராட்டம். உழைப்போர் உரிமை இயக்கம் முன்னின்றது. மைக்கைப் பிடித்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'எங்களை நிரந்தரமாக்கு, தனியாரிடம் தள்ளாதே' என்பது அவர்கள் கேட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவு போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. மறுநாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று காலைச் சிற்றுண்டி. வேலையைக் கேட்டவர்களுக்கு இட்லி. இதைத்தான் நிர்வாகத்தின் பதில் என்கிறேன். பசி தீருவது நல்லதே. ஆனால் கேள்வியைக் காதில் வாங்காமலேயே பதில் சொல்ல நிர்வாகத்தால் முடியும்.

அப்போது நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு வாதம் எழுந்தது. குப்பை அள்ளுகிற வேலையை நிரந்தரமாக்கச் சொல்வது, நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குப்பையே அள்ளட்டும் என்று சொல்வதாகாதா? சாதித் தொழிலிலிருந்து வெளியேறுவதல்லவா விடுதலை? கொள்கையாக இந்த வாதம் சரி. அம்பேத்கர் சொன்னதும் அதுதான். ஆனால் வெளியேறும் கதவு எங்கே என்று காட்டாமல், இருக்கிற கூலியும் குறைந்து தனியாரிடம் போகிற ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? நிரந்தர வேலை கிடைத்த தாய்தான் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைப்பாள். இதைத் தெருவில் உட்கார்ந்திருந்த பெண்களே தெளிவாகச் சொன்னார்கள். கொள்கையை மேடையில் முடிவு செய்துவிட்டு மக்களுக்கு அறிவிப்பது தலைமை ஆகாது. அதுவும் ஒருவகை நிர்வாகமே.

சாக்கடைக் குழியும் அப்படித்தான். 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. செத்தவன் வீட்டுக்கு அந்தப் பணத்தை வாங்கிக் கொடுக்க ஓடுகிறோம், ஓடத்தான் வேண்டும். ஆனால் குழிக்குள் ஆளை இறக்கச் சொன்னவன் ஜெயிலுக்குப் போகும்வரை விடாமல் நிற்கிற ஆளையே நான் தலைவர் என்பேன்.

நோட்டுப் புத்தகமும் விடுதலையும்

இவ்வளவும் படித்துவிட்டு, நிர்வாகம் என்றாலே அசிங்கம் என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறு. அம்பேத்கரைப் போல நிர்வாகம் தெரிந்த தலைவர் யார்? 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக உட்கார்ந்தார். 1943இல் மத்திய அரசு வேலைகளில் நம் மக்களுக்கு 8.33 சதவீதம் வாங்கினார். தொழிற்சாலையில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற திருத்தம் 1946இல் வந்ததும் அவர் துறையின் வழியாகத்தான். இன்று அம்பத்தூரில் எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவன் அந்த நிர்வாகத்தின் பலனை அனுபவிக்கிறான். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, கல்லூரி கட்டி, நடத்தியும் காட்டினார். அதே மனிதர் 1951இல், இந்து சட்டத் திருத்த மசோதாவைக் கைவிட்டபோது, அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். நாற்காலி மக்களுக்குப் பயன்படுகிறவரைக்கும் அதில் உட்காரு, பயன்படாதபோது எழுந்து வா. நிர்வாகி எழுந்து வர மாட்டான். தலைவன் வருவான்.

நம் இயக்கங்களின் பெரிய குறை வேறொன்று. தலைமை இருக்கிற இடத்தில் நிர்வாகம் இல்லை. உறுப்பினர் பட்டியல் இல்லை, தீர்மானப் புத்தகம் இல்லை, வரவு செலவு இல்லை. "தலைவர்கிட்ட கணக்கு கேக்குறியா?" என்று மிரட்டுகிறார்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: மதத்தில் பக்தி மோட்சத்துக்கு வழியாக இருக்கலாம்; அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோகும். அவர் படத்துக்கு மாலை போடுகிற நாமே அந்தப் பக்தியைச் செய்கிறோம். கணக்குக் காட்டாத தலைவர் சில ஆண்டுகளில் இயக்கத்தின் முதலாளி ஆகிறார். அப்புறம் அவருக்கு மேனேஜர்கள்தான் தேவைப்படுகிறார்கள், தோழர்கள் அல்ல.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது அதைத் தாங்கியவர்கள் யார்? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் தொழிலாளர்களும்தான். சந்தா கட்டிய வாசகனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. பெரிய கட்சியின் பெட்டியிலிருந்து பணம் வந்தால் அந்தக் கேள்வி பெட்டிக்காரனுக்குப் போகும்.

நம் சேரிகளில் ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். வாரா வாரம் கூடி, வருகைப் பதிந்து, கடன் எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று சத்தமாகப் படித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். ரிப்பன் கட்டடத்தின் முன்னால் முழங்கியவர்களும் இதே பெண்கள்தான். நிர்வாகமும் தெரியும், தலைமையும் தெரியும். ஆனால் நம் இயக்க மேடையில் அவர்களுக்குக் குத்துவிளக்கு ஏற்றுகிற வேலை மட்டும்தான் கிடைக்கிறது. மேடையில் எட்டு ஆண்கள் உட்கார்ந்துகொண்டு விடுதலை பேசுவது எத்தனை நாளைக்கு?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் நாளைக்கு மேனேஜர் ஆவீர்கள். ஆகுங்கள். நம்ம பிள்ளை ஏ.சி. அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைப் பார்க்கத்தான் உங்கள் அப்பனும் ஆத்தாளும் உடம்பைத் தேய்த்தார்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று உங்களை யாரும் கூப்பிடவில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தால் இயக்கத்தின் கணக்கைப் பாருங்கள். சட்டம் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவு போட்டிருக்கிறதா என்று படித்துச் சொல்லுங்கள். சர்வே எண் பார்க்கத் தெரிந்தால் உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடுங்கள். இந்தப் பகுதியெல்லாம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892இல் வந்த நிலம் அது. அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். அந்த நிலத்தின் மேல் இன்று மனை விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதை விற்றுக் கொடுக்கிற தரகனும் சில இடங்களில் நம்ம 'தலைவர்'தான்.

அதனால் அடுத்த முறை ஒருவரைத் தலைவரே என்று கூப்பிடுவதற்கு முன் நான்கு விஷயத்தைப் பாருங்கள். இவரை யார் நியமித்தார்கள்? நாம் நினைத்தால் இவரை இறக்க முடியுமா? இவர் வாங்குகிற பணத்தின் கணக்கைக் காலனியில் நின்று சத்தமாகப் படிப்பாரா? இவர் இருப்பதால் புதிதாக எத்தனை பேர் பயமில்லாமல் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் தாங்களாகவே போகக் கற்றுக்கொண்டார்கள்? நான்காவது கேள்விக்குப் பதில் 'யாரும் இல்லை, எல்லாத்துக்கும் அவருதான்' என்றால் அவர் கங்காணி. நல்ல கங்காணியாகக்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 14 அன்று பேனருக்கும் பிரியாணிக்கும் வசூல் செய்கிறோம். வருகிற ஏப்ரலில் அந்த வசூல் கணக்கை மட்டுமாவது சிலைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு பெண் தோழரைக் கொண்டு படிக்க வைப்போம். யார் முகம் சுருங்குகிறது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.